டிகிரி கெமிஸ்ட்ரி லேப்ல பெரிய கருவிகளை பசங்க கையில கொடுக்கறது எப்படி

நான் படிச்சப்போ இன்ஸ்ட்ருமெண்டல் லேப்னா இதுதான்: பூட்டின ரூம், உள்ள துணி போத்தின ஒரு எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியை வெச்சு மூலக்கூறை அடையாளம் காட்டற மெஷின்), வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது பேரை சுத்தி நிக்க வெச்சு சார் ஒரு பட்டனை அமுக்குவாரு, பிரிண்டர்ல ஒரு கோடு வரும், அதை ஜெராக்ஸ் போட்டு எல்லாரும் ரெக்கார்டுல ஒட்டிக்குவோம். பின் வரிசையில நின்ன எனக்கு முன்னாடி நின்னவன் முதுகுதான் தெரிஞ்சுது. அப்புறம் சொல்லிக்கொடுக்க வந்து முதல் ரெண்டு வருஷம் நானும் இதே கூத்தைத்தான் அடிச்சேன், அதனால யாரையும் குத்தம் சொல்ல வரல, அதுக்கப்புறம் என்ன மாத்தினேன், எது வேலை செஞ்சுது, எங்க அடி வாங்கினேன்னு மட்டும் சொல்றேன்.

டைட்ரேஷன்ல தப்பு பண்ணா எண்ட் பாயிண்ட் மூணு தடவையும் மூணு இடத்துல வந்து காட்டிக்கொடுத்துரும். மெஷின் அப்படி இல்ல, குவெட்டை (கரைசல் ஊத்தி வெக்கற சின்ன சதுரக் குப்பி) திருப்பி வெச்சாலும், உள்ள வெறும் தண்ணி இருந்தாலும், நாலு டெசிமல்ல ஒரு நம்பரை கூச்சமே இல்லாம கொடுக்கும். அந்த நம்பரை பாத்ததும் பசங்க நம்பிடறாங்க, நாமளும்தான். அதனால நான் எந்த கருவியை எடுத்தாலும் ஒரே ரூல்: பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி என்ன வரணும்னு நோட்ல பேனாவால எழுதணும், வந்ததுக்கப்புறம் ஏன் ஒத்துப்போகலன்னு சொல்லணும். பென்சில் கூடாது, அழிச்சு மாத்திருவாங்க.

எதுல ஆரம்பிக்கறதுன்னா, சந்தேகமே வேண்டாம், யூவி-விசிபிள், அதான் கரைசல் எந்த அலைநீள வெளிச்சத்தை எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்கற மெஷின். விலை கம்மி, சீக்கிரம் ரீடிங் வரும், உடைஞ்சா பெருசா அழவேண்டாம். இதுக்கு முன்னாடி ஒரு லேப் கிளாஸ் மட்டும் ஒதுக்கி ஒரு டப்பா செய்ய வெச்சுருங்க: கருப்பு அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் பச்சை எல்ஈடி, நடுவுல குவெட், எதிர்பக்கம் வெளிச்சத்தை உணர ஒரு எல்டிஆரோ போட்டோடையோடோ, அதுல ஒரு மல்டிமீட்டர். பர்மாங்கனேட் கரைசலை நீர்த்துக்கிட்டே போனா மீட்டர்ல நம்பர் மாறும், மூடியை தொறந்தா ரூம் லைட் பூந்து எல்லாம் கெட்டுப்போகும், மூடினா சரியாகும். பர்மாங்கனேட் 525 நானோமீட்டர் பக்கம்தான் அதிகமா உறிஞ்சும், அதாவது பச்சை, அதனாலதான் பச்சை எல்ஈடி. ஒருத்தன் செவப்பு எல்ஈடி போட்டு பாத்துட்டு "சார் எதுவுமே மாறல"ன்னு வந்தான், அவனுக்கு அன்னைக்கு புரிஞ்சது நான் போர்டுல வருஷக்கணக்கா சொல்லி புரிய வெக்காதது. இதை செஞ்சவங்களுக்கு பெரிய மெஷின்னாலே கருப்புப் பெட்டிங்கற பயம் பாதி போயிரும், ஏன்னா 1953ல வந்த ஸ்பெக்ட்ரானிக் 20ங்கற பழைய மெஷினும் அடிப்படையில இதே டப்பாதான், என்ன, எல்ஈடிக்குப் பதிலா ஒரு பல்பும், வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிக்கற கிரேட்டிங்கும், அலைநீளம் மாத்த ஒரு திருகும்.

இப்போ அசல் எக்ஸ்பெரிமெண்ட். நான் பத்து வருஷமா விடாம வெச்சிருக்கறது இரும்பு-ஃபினாந்த்ரோலின், அதாவது ஃபினாந்த்ரோலின் சேர்த்தா வர கலரை வெச்சு இரும்பை அளக்கறது. ஏன் இதுன்னா கலர் பளிச்சுனு ஆரஞ்சு-சிவப்பா வரும், மணிக்கணக்கா நிக்கும், தப்பு எங்க நடந்தாலும் கண்டுபிடிக்க முடியும். ஃபெரஸ் அமோனியம் சல்பேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.7022 கிராம் எடுத்து, கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்து, ஒரு லிட்டருக்கு தண்ணி ஊத்தினா லிட்டருக்கு 100 மில்லிகிராம் இரும்பு. அதுல 1, 2, 3, 4, 5 மில்லியை தனித்தனி 100 மில்லி வால்யூமெட்ரிக் பிளாஸ்க்ல எடுத்து, ஹைட்ராக்ஸிலமின் ஹைட்ரோகுளோரைடு போட்டு இரும்பை எல்லாம் ஃபெரஸ் ஆக்கி, ஃபினாந்த்ரோலின் ஊத்தி, அசிட்டேட் போட்டு பிஎச்சை சரிபண்ணி, கோடு வரைக்கும் தண்ணி. பத்து நிமிஷம் சும்மா விட்டுரணும். இந்த பத்து நிமிஷத்துலதான் கணக்கு போட வெக்கறேன்: இந்த காம்ப்ளெக்ஸுக்கு 510 நானோமீட்டர்ல மோலார் அப்சார்ப்டிவிட்டி (லிட்டருக்கு ஒரு மோல் இருந்தா 1 செமீல வர அப்சார்பன்ஸ்) கிட்டத்தட்ட 11,100, இரும்போட அணு எடை 55.85, குவெட் 1 செமீ, அப்போ லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தா அப்சார்பன்ஸ் (வெளிச்சம் உறிஞ்சினதை லாக் கணக்குல சொல்ற எண்) எவ்ளோ வரணும்? 0.2 பக்கம். 5க்கு 1.0 பக்கம். இதை எழுதினதுக்கப்புறம்தான் மெஷின் கிட்டயே போகணும். 3 மில்லிகிராம் பிளாஸ்க்குக்கு 0.60 எதிர்பார்த்துட்டு 0.31 வந்தா அந்தப் பொண்ணு என்னை கூப்பிட மாட்டா, நேரா தன்னோட பைபெட்டை பாப்பா, ஏன்னா பாதி வந்திருக்கு, எங்கயோ ரெண்டு மடங்கு தண்ணி கூடியிருக்குன்னு அவளுக்கே தெரியும். கணக்கு போடாம போனவனுக்கு 0.31ம் ஒரு நம்பர், 0.60ம் ஒரு நம்பர்.

ரீடிங் எடுக்கறப்போ கவனிக்க வேண்டியது சின்னச்சின்ன விஷயம்தான், ஆனா அதுலதான் எல்லாம் போகும். லேம்ப் போட்டு இருபது முப்பது நிமிஷம் கழிச்சுத்தான் தொடணும், அதனால கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணிருங்க. மெஷினை பூஜ்யத்துல நிறுத்த வெக்கற பிளாங்க்னா தண்ணி இல்ல, இரும்பைத் தவிர மத்த எல்லாம் போட்ட கரைசல், இதை நூறு தடவை சொல்லுங்க. குவெட்ல ரெண்டு பக்கம் தெளிவா இருக்கும், ரெண்டு பக்கம் சொரசொரப்பா இருக்கும், பிடிக்கறது சொரசொரப்பு பக்கத்துல. ஒரு தடவை வேணும்னே தெளிவான பக்கத்துல விரல் ரேகை பதிய வெச்சு ரீடிங் எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் தொடச்சிட்டு எடுக்கச் சொல்லுங்க, அந்த வித்தியாசத்தை அவங்களே பாத்துட்டா அப்புறம் நீங்க கத்தவே வேண்டாம். பிளாஸ்டிக், கண்ணாடி குவெட் ரெண்டும் கலர் கரைசலுக்கு சரி, 300க்கு கீழ யூவிக்கு போறப்போ குவார்ட்ஸ் எடுக்கணும், இல்லன்னா பசங்க பிளாஸ்டிக்கோட ஸ்பெக்ட்ரத்தை (எந்த அலைநீளத்துல எவ்ளோ உறிஞ்சுதுன்னு காட்டற கோடு) எடுத்துட்டு வந்து மருந்தோட ஸ்பெக்ட்ரம்னு காட்டுவாங்க.

அப்புறம் நான் வேணும்னே வெக்கற கண்ணி ஒண்ணு இருக்கு. லிட்டருக்கு 15 மில்லிகிராம் இருக்கற ஒரு பிளாஸ்க்கையும் கூட சேர்த்து வெச்சிருவேன். கணக்குப்படி அதுக்கு அப்சார்பன்ஸ் 3 கிட்ட வரணும், அதாவது போன வெளிச்சத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் அந்தப்பக்கம் வரும். மெஷினுக்குள்ள திசைமாறி அலையற வெளிச்சம், அதான் ஸ்ட்ரே லைட், வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே போதும், 3 வரவேண்டிய இடத்துல 2.7தான் காட்டும். அடர்த்திக்கு எதிரா அப்சார்பன்ஸை வரைஞ்ச கோடு மேல் முனையில வளைஞ்சு படுத்துரும். அடர்த்தி ஏறினா அப்சார்பன்ஸும் நேர்கோட்டுல ஏறும்ங்கற பீர்-லாம்பர்ட் விதி தப்பாயிருச்சுன்னு எழுதுவாங்க, விதி தப்பல, டிடெக்டருக்கு வர வெளிச்சத்துல பாதி ஸ்ட்ரே லைட். 0.1ல இருந்து 1 வரைக்கும் வெச்சுக்கோ, தாண்டினா நீர்த்துக்கோன்னு அதுக்கப்புறம் சொன்னா மனசுல நிக்கும்.

அன்நோனுக்கு, அதான் அளவு தெரியாத சாம்பிளுக்கு, இரும்புச்சத்து மாத்திரை நல்லா வரும். லேபிள்ல 60 மில்லிகிராம் இரும்புன்னு போட்டிருந்தா, அமிலத்துல கரைச்சு வடிகட்டி ஒரு லிட்டராக்கி, அதுல 5 மில்லியை 100 ஆக்கினா 3 மில்லிகிராம், நம்ம கோட்டுக்கு நடுவுல வந்து உக்காரும். ஆனா இந்த நீர்த்தல் கணக்கை நீங்க ஷீட்ல அடிச்சுக் கொடுக்காதீங்க. லேபிளை மட்டும் கொடுங்க, எவ்ளோ நீர்த்தணும்னு அவங்க கண்டுபிடிக்கட்டும். கெமிஸ்ட்ரி அங்கதான் இருக்கு, மெஷின்ல இல்ல.

இந்த இடத்துல ஒரு வருஷம் நடந்த கதையை சொல்லியாகணும். மொத்த பேட்ச்சுக்கும் ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற எண், 1னா கச்சிதம்) 0.999, கோடு அடிஸ்கேல் வெச்சு போட்ட மாதிரி, நான் எல்லாருக்கும் ஃபுல் மார்க் போட்டேன். ஆனா மாத்திரையில மட்டும் எல்லாருக்கும் லேபிளை விட பத்து சதவீதம் ஜாஸ்தி. மாத்திரை கம்பெனிக்காரன் தாராளமா போட்டிருக்கான்னு சிரிச்சுக்கிட்டோம். அடுத்த வாரம் பாத்தா ஸ்டாக் கரைசல் தயார்பண்ணவன் நான்தான், எடை பாத்தப்போ வாட்ச் கிளாஸ்ல ஒட்டினதை கழுவி விடாம அப்படியே எடுத்து வெச்சுட்டேன், ஸ்டாக்கே நீர்த்துப்போய் இருந்திருக்கு. எல்லா ஸ்டாண்டர்டும் ஒரே தப்பு ஸ்டாக்ல இருந்து வந்தா கோடு நேராத்தான் இருக்கும், தப்பான இடத்துல நேரா இருக்கும். அன்னைல இருந்து வேற பாட்டில்ல இருந்து, வேற ஆள் எடை போட்டு தயார்பண்ண ஒரு செக் ஸ்டாண்டர்ட் இல்லாம எந்த கேலிப்ரேஷனையும் (தெரிஞ்ச அளவுகளை வெச்சு போடற கோடு) நான் ஏத்துக்கறதில்ல. ஆர் ஸ்கொயரை மட்டும் பாக்காம ரெசிடுவல் பிளாட்டும் (ஒவ்வொரு புள்ளியும் கோட்டை விட்டு எவ்ளோ விலகுதுங்கற படம்) போடச் சொல்றேன், கோடு லேசா வளையுதான்னு அதுலதான் தெரியும்.

அடுத்து ஐஆர், அதான் ஆரம்பத்துல சொன்ன எஃப்டிஐஆர். இதுக்கு ஆஸ்பிரின் தயாரிப்பை விட நல்ல ஜோடி கிடையாது, சாலிசிலிக் அமிலத்துல ஆரம்பிச்சு அவங்க கையால செஞ்ச பொருளையே எடுத்துட்டு மெஷினுக்கு வருவாங்க. வைர ஏடிஆர் (சாம்பிளை நேரா வைரத்து மேல அழுத்தி அளக்கற பாகம்) இருந்தா நல்லது, கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) பெல்லட் அடிக்கற வேலை மிச்சம், பவுடரை கொஞ்சமா வெச்சு திருகினா போதும். முதல்ல பேக்ரவுண்ட், அதான் சாம்பிள் இல்லாத ரீடிங், எடுக்கணும், எடுக்காம விட்டா என்ன ஆகும்னு ஒரு தடவை காட்டுங்க: 2350 செமீ⁻¹ பக்கம் ரெட்டைக் கொம்பு மாதிரி ஒரு பீக் வரும், அது கார்பன் டை ஆக்ஸைடு, மெஷின் மேல குனிஞ்சு மூச்சு விட்டா இன்னும் பெருசாகும். பசங்களுக்கு இது ரொம்ப பிடிச்ச விளையாட்டு, ஒரு நிமிஷம் விளையாட விடுங்க. அப்புறம் சாலிசிலிக் அமிலத்தோட ஸ்பெக்ட்ரத்துல கார்பனைல் 1660 பக்கம் ஒண்ணே ஒண்ணு, ஆஸ்பிரின்ல 1750 பக்கம் எஸ்டர், 1690 பக்கம் அமிலம்னு ரெண்டு. ரெண்டு ஸ்பெக்ட்ரத்தையும் மேல மேல போட்டு பாக்கச் சொன்னா போதும். எல்லா பீக்குக்கும் பேர் வெக்கச் சொல்லாதீங்க, விரல்ரேகை பகுதியில கிடக்கறதுக்கெல்லாம் டேபிளை பாத்து ஏதோ ஒரு பேர் வெச்சுட்டு வருவாங்க, அதுல எந்த லாபமும் இல்ல.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஐஆர் பாத்து "சுத்தமான ஆஸ்பிரின்"னு எழுதினவங்க கிட்ட அதே பவுடரை ஆல்கஹால்ல கரைச்சு ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விடச் சொல்லுங்க. பாதிப்பேருக்கு ஊதா கலர் வரும். மிச்சமிருக்கற சாலிசிலிக் அமிலத்தோட ஃபீனால் அது. ரெண்டு சதவீத கலப்படத்தை ஐஆர்ல கண்ணால கண்டுபிடிக்கறது கஷ்டம், ஃபெரிக் குளோரைடு டக்குனு காட்டிரும். பழைய சொட்டு டெஸ்ட் புது மெஷினை தோக்கடிக்கறதை பாத்தவங்க அப்புறம் எந்த மெஷினைப் பாத்தாலும் "இது எதை பாக்காது?"ன்னு கேப்பாங்க. அந்த ஊதாவையே யூவி-விசிபிள்ல வெச்சு எவ்ளோ சாலிசிலிக் அமிலம்னு அளக்கவும் செய்யலாம், முதல் எக்ஸ்பெரிமெண்ட்ல கத்துக்கிட்டது திரும்ப கைக்கு வரும்.

என்எம்ஆர், அதான் காந்தப்புலத்துல வெச்சு மூலக்கூறுல ஹைட்ரஜன் எப்படி அமைஞ்சிருக்குன்னு காட்டற மெஷின், இப்போ டேபிள் மேல வெக்கற சைஸ்ல வந்துருச்சு, 60, 80, 100 மெகாஹெர்ட்ஸ், நிரந்தர காந்தம், திரவ ஹீலியம் ஊத்தற வேலையே இல்ல. 1961ல வந்த வேரியன் ஏ-60யும் 60தான், அதுல எடுத்துத்தான் ஒரு தலைமுறை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிச்சுது, அதனால 400 இல்லையேன்னு ஏங்க வேண்டாம். ஆனா வித்தியாசத்தை மறைக்காதீங்க. எத்தில் குழுவோட ஜே (பக்கத்து ஹைட்ரஜன்களால பீக் பிரியற இடைவெளி) 7 ஹெர்ட்ஸ்தான், எந்த காந்தத்துலயும் மாறாது, 60ல ஒரு பிபிஎம்னா (ஸ்பெக்ட்ரத்தோட அச்சு அளவு) 60 ஹெர்ட்ஸ், அதனால நாலா பிரிஞ்ச குவார்ட்டெட் 0.35 பிபிஎம் அகலத்துக்கு காலை நீட்டிக்கும், 400ல அதே குவார்ட்டெட் 0.05தான். எத்தில் அசிடேட்ல தொடங்குங்க, 1.26ல ட்ரிப்லெட் (மூணா பிரிஞ்சது), 2.04ல சிங்லெட் (பிரியாதது), 4.12ல குவார்ட்டெட், இண்டெக்ரேஷன் (பீக்கோட பரப்பு, அதாவது ஹைட்ரஜன் விகிதம்) 3க்கு 3க்கு 2. முதல்ல காகிதத்துல வரைஞ்சுட்டுத்தான் ட்யூப் உள்ள போகணும். ஆஸ்பிரினை டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம்ல போட்டா 2.3 பக்கம் மெத்தில், 7.1ல இருந்து 8.1 வரைக்கும் அரோமேட்டிக் நாலு ஹைட்ரஜனும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். 2.1ல சின்னதா ஒரு பீக் தெரிஞ்சா கழுவாம விட்ட அசிட்டிக் அமிலம். 7.26ல வரது சால்வெண்ட், அதையும் ஒரு ஹைட்ரஜனா எண்ணி அஞ்சு ஹைட்ரஜன்னு எழுதற ஆள் ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் இருப்பான். பெரிய சூப்பர்கண்டக்டிங் காந்தம் இருக்கற ரூம்னா பேஸ்மேக்கர் வெச்சவங்க அஞ்சு காஸ் கோட்டை (காந்தப்புலம் 5 காஸ் இருக்கற எல்லை) தாண்டக்கூடாது, சாவி, ஸ்பேனர் எல்லாம் வெளிய, இதை முதல் வார்த்தையா சொல்லுங்க.

எச்பிஎல்சி (பொடி அடைச்ச குழாய், அதான் காலம், அது வழியா திரவத்தை பிரஷர்ல தள்ளி கலவையை பிரிக்கற மெஷின்) தான் எனக்கு ரொம்ப பயம், ஏன்னா இது அடிபட்டா வாரக்கணக்குல படுத்துரும். மொபைல் ஃபேஸ் (ஓடற திரவம்) 0.45 மைக்ரான்ல வடிகட்டணும், காத்தை எடுக்கணும், சாம்பிளையும் சிரிஞ்ச் ஃபில்டர்ல விடணும், சி18 (எண்ணெய்த்தன்மையான கார்பன் சங்கிலி ஒட்டின) காலம்னா பிஎச் 2ல இருந்து 8க்குள்ள. பாஸ்பேட் பஃபர் ஓடிக்கிட்டிருக்கப்போ நேரா சுத்த அசிட்டோநைட்ரைலுக்கு மாத்தினா உப்பு உள்ளயே படிஞ்சு பிரஷர் எகிறும், அதனால நடுவுல பஃபர் இல்லாம தண்ணி ஜாஸ்தியா இருக்கற கலவையை விட்டு கழுவணும். சனிக்கிழமை அவசரமா கிளம்பி பஃபரோட பம்ப்பை நிறுத்திட்டு திங்கள் வந்து பாத்தா சீல் பக்கத்துல வெள்ளை வெள்ளையா படிகம், இதுவும் என் கைங்கரியம்தான். அதனால கடைசி அரைமணி நேரம் கழுவறதுக்குன்னு டைம்டேபிள்லயே எழுதிருங்க, அதை பசங்களே செய்யட்டும்.

எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு பாரசிட்டமால், கஃபீன், ஆஸ்பிரின் மூணும் கலந்த கலவை போதும். எது முதல்ல வெளிய வரும்னு பந்தயம் கட்டச் சொல்லுங்க. அமிலமாக்கின மெத்தனால்-தண்ணியில பாரசிட்டமால், கஃபீன், ஆஸ்பிரின் அந்த வரிசையில வரும். இப்போ பிஎச்சை 7க்கு மாத்தினா என்ன ஆகும்? ஆஸ்பிரினோட பிகேஏ (பாதி அயனியாகற பிஎச்) 3.5, 7ல அது அயனி, சி18 மேல ஒட்டாம வரிசையை மீறி முன்னாடி ஓடிவந்துரும். ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி பேப்பர்ல மனப்பாடம் பண்ண, பிஎச்சையும் பிகேஏவையும் இணைக்கற ஹெண்டர்சன் சமன்பாடு ஸ்கிரீன்ல நகர்றதை அன்னைக்குத்தான் பாக்கறாங்க. ஆனா ஒண்ணு, ரன் பத்து நிமிஷம், இருபத்தி நாலு பேர், கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு மதியத்துல முடியாது. ஒரு குரூப்புக்கு மூணு பேர், எட்டு குரூப், ஒவ்வொரு குரூப்பும் ஒரு பிஎச்சோ ஒரு மெத்தனால் சதவீதமோ எடுத்துக்கட்டும், எல்லா டேட்டாவும் பொதுவுல போடட்டும், கடைசில எல்லாரும் மொத்த டேட்டாவை வெச்சு எழுதட்டும். அப்படி செஞ்சா ஒரு குரூப் சொதப்பினா மத்தவங்களுக்கும் வலிக்கும், ஒருத்தர் வேலையை ஒருத்தர் எட்டிப் பாக்க ஆரம்பிச்சுருவாங்க.

சாம்பிளை ஆவியாக்கி வாயுவோட ஓட்டி பிரிக்கற ஜிசி பத்தி சுருக்கமா. ஊசி போடற கை ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி, ஒரு மைக்ரோலிட்டர்னு சொல்லி 0.8 போடுவான் ஒருத்தன், 1.3 போடுவா இன்னொருத்தி, அதனால இண்டர்னல் ஸ்டாண்டர்ட் (எல்லா சாம்பிள்லயும் ஒரே அளவு சேர்க்கற இன்னொரு பொருள்) ஏன்னு பாடம் நடத்த வேண்டாம், எல்லாரையும் மூணு மூணு தடவை ஊசி போடச் சொல்லி வெறும் ஏரியாவையும் ரேஷியோவையும் பக்கத்துல பக்கத்துல எழுத வெச்சா போதும். எஃப்ஐடி (தீயில எரிச்சு கண்டுபிடிக்கற டிடெக்டர்) தண்ணியை பாக்காது, அதையும் சொல்லிருங்க, இல்லன்னா தண்ணி பீக்கை தேடிக்கிட்டு இருப்பாங்க. மாஸ் ஸ்பெக்ட்ரம் கூட இருந்தா குளோரின் 3க்கு 1, புரோமின் 1க்கு 1 ஜோடி பீக்கை காட்டினா அன்னைக்கு பூரா அதையே பேசிட்டு இருப்பாங்க. சால்வெண்ட் டிலே (சால்வெண்ட் வெளிய போற வரைக்கும் காத்திருக்கறது) வெக்காம மாஸ் மெஷினோட ஃபிலமெண்ட்டை ஆன் பண்ண விடாதீங்க.

ஏஏஎஸ்ல, அதான் தீச்சுடர்ல வெச்சு உலோகத்தை அளக்கற மெஷின்ல, கெமிஸ்ட்ரி சுலபம், சேஃப்டி கஷ்டம். அசிட்டிலீனுக்கு செம்பு குழாய் கூடவே கூடாது, காப்பர் அசிட்டிலைடு வெடிக்கும். சிலிண்டர்ல அது அசிட்டோன்ல கரைஞ்சு இருக்கு, அதனால கடைசி வரைக்கும் காலி பண்ணா அசிட்டோனும் சேர்ந்து வரும், பிரஷர் குறையறப்பவே மாத்திரணும். எக்ஸாஸ்ட் ஓடலன்னா பத்த வெக்கக்கூடாது. பத்த வெக்கறது மட்டும் ஸ்டாஃப் வேலை, இதுல மட்டும் நான் பசங்க கையில கொடுக்க மாட்டேன்.

கருவியே இல்லாத இடத்துல என்ன பண்றதுன்னா, அமெரிக்காவோட நிஸ்ட் வெப்புக், ஜப்பானோட எஸ்டிபிஎஸ் ரெண்டும் ஆன்லைன் தொகுப்பு, இலவசம், நிஜ ஸ்பெக்ட்ரம் கொட்டிக்கிடக்கு. பக்கத்துல மெஷின் இருக்கற டிபார்ட்மெண்ட்ல பேசி பசங்க செஞ்ச சாம்பிளை கொடுத்து ரா டேட்டாவை வாங்கிட்டு வரலாம். படமா வாங்காதீங்க, ஃபைலா வாங்குங்க, ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு அவங்களே பேஸ்லைன் இழுத்து ஏரியா எடுக்கட்டும். மெஷின்காரன் சாஃப்ட்வேர் தானா போட்ட பேஸ்லைனும் நீங்க கையால போட்டதும் அஞ்சு சதவீதம் வித்தியாசப்படறதை பாத்தா அதுவே ஒரு முழு கிளாஸ்.

லாக்புக் வெங்க. ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் கயிறு கட்டின பேனாவோட ஒரு நோட்டு. யார், எப்போ, என்ன சாம்பிள், என்ன பிளாங்க், ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா. மாசத்துக்கு ஒரு தடவை பீக் எங்க வரணும்னு ஏற்கனவே தெரிஞ்ச பொருளை, யூவிக்கு ஹோல்மியம் ஃபில்டர், ஐஆருக்கு பாலிஸ்டைரீன் ஃபிலிம், வெச்சு செக் பண்றதையும் ரெண்டு பசங்க கிட்ட பொறுப்பா கொடுத்துருங்க, பாலிஸ்டைரீனோட 1601 பீக் எங்க நிக்குதுன்னு அவங்க எழுதட்டும். கேலிப்ரேஷன்ங்கற வார்த்தைக்கு அவங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சது புக்ல இல்ல, இந்த நோட்டுலதான்.

மார்க் போடறப்போ விடை சரியான்னு மட்டும் பாத்தா திரும்ப பழைய கதைதான், பக்கத்து டேபிள் நம்பரை எடுத்து எழுதிருவாங்க. நான் வைவால ஒரு கெட்ட ஸ்பெக்ட்ரத்தை கையில கொடுத்து இதுல என்ன தப்புன்னு கேக்கறேன். பேக்ரவுண்ட் எடுக்காதது, அப்சார்பன்ஸ் 3ல படுத்தது, ஷிம் (காந்தப்புலத்தை சீராக்கறது) சரியில்லாம எல்லா பீக்கும் ஒரே பக்கம் வாலோட நிக்கற என்எம்ஆர், இப்படி ஒரு ஃபைல் நிறைய சேர்த்து வெச்சிருக்கேன், முக்காவாசி நான் சொதப்பினது. போன வைவால இரும்பு ஸ்பெக்ட்ரம் ஒண்ணை நீட்டினேன், 510ல இருக்க வேண்டிய பீக்கோட அடியே தூக்கலா இருந்துச்சு. அந்தப் பொண்ணு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு என்னையே திருப்பிக் கேட்டா, "சார், இதுக்கு பிளாங்க்ல என்ன ஊத்தினீங்க?" லாக்புக்கை எடுத்து தேடினேன், அந்த தேதிக்கு நேரா என் கையெழுத்து இருந்துச்சு, பிளாங்க்னு போட்ட கட்டம் மட்டும் காலி.